நான் திரும்ப வாங்கிக்கொண்ட சாட்சி

சாமுவேல்,

வியாழக்கிழமை நீ தோகாவிலிருந்து போன் பண்ணிக் கேட்டதற்கு, "யோசிச்சுச் சொல்லுதேன்" என்றேன். யோசித்தாயிற்று. முடியாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நான் மேடைக்குப் போய் முழங்கால்படியிடப் போவதில்லை. பாஸ்டர் என் தலையில் கை வைக்கப் போவதில்லை. அவர் எழுதி அனுப்பியிருக்கும் நாலு வரியை மைக்கில் வாசிக்கப் போவதுமில்லை. உன் கல்யாணத்துக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது, அந்தப் பாஸ்டர்தான் பெண்ணைப் பெற்றவர், எல்லாம் தெரியும். தெரிந்துதான் சொல்கிறேன். நீ சின்ன வயதிலிருந்தே எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் கடைசி வரியைத்தான் முதலில் படிப்பாய். அதனால்தான் பதிலை முதலிலேயே போட்டுவிட்டேன். இனி நிதானமாக உட்கார்ந்து மிச்சத்தையும் படி.

இதைக் கையால் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். இங்கே துபாயில், அல் குசைஸில் வாடகை ஹாலில் கூடுகிற நம் ஜெப ஐக்கியத்தின் வாட்ஸ்அப் குரூப்பிலும் போடுவேன், ஒரு பக்கம் தவிர. எது அந்தப் பக்கம் என்று வரும்போது சொல்கிறேன். என்னைப் பற்றி அந்தக் குரூப்பில் இரண்டு மாதமாக எல்லோரும் எழுதுகிறார்கள். நானும் ஒரு தடவை எழுதினால் குறைந்துபோய்விட மாட்டார்கள்.

போனில் நீ என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா? "அம்மா, அஞ்சு நிமிஷம்தாம்மா. அவுங்க சொல்றதச் சொல்லிட்டு, ஒரு ஆமென் போட்டுட்டு வந்துருங்க. உள்ளுக்குள்ள நீங்க என்ன வேணா நினைச்சுக்கோங்க." எய்யா, நீ நல்ல மனதோடுதான் சொன்னாய். ஆனால் அந்த ஒரு ஆமெனை நான் ஏற்கெனவே போட்டுப் பார்த்தவள். நீ பிறப்பதற்கு முன்னால் போட்டது. அதற்கப்புறம் இருபத்தாறு வருஷம் அதை என்னால் கழற்ற முடியவில்லை. அந்தக் கதையை நீ நூறு தடவை கேட்டிருப்பாய். நடந்தபடி ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

நடந்தது இதுதான். உன் அப்பாவுக்குக் குவைத்தில் ஃபஹாஹீல் பக்கம் ஒரு காண்ட்ராக்டரிடம் வெல்டர் வேலை. கல்யாணமாகி இருபத்தாறாம் நாள் விமானம் ஏறினார். பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நாற்பத்தைந்து நாள் லீவு. அதில் பத்து நாள் உறவுக்காரர் வீடு, ஐந்து நாள் கேம்ப்பில் கூட இருப்பவர்கள் கொடுத்தனுப்பிய பார்சல்களை ஊர் ஊராகப் போய்ச் சேர்ப்பது, ஒரு வாரம் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் காய்ச்சல். ஏழு வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு கூரையின் கீழ் இருந்தது ஆறு மாதம் தேறாது. பிறகு பிள்ளை எப்படி வரும், கூரியரிலா? ஆனால் ஊரில் ஒரு வாய் அதைக் கேட்கவில்லை. "இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லியா?" என்று என் வயிற்றைப் பார்த்துத்தான் எல்லோரும் கேட்டார்கள். எனக்கே அது தோன்றவில்லை என்பதை நினைத்தால் இப்போது என்னையே இரண்டு அறை அறையலாம் போல இருக்கிறது.

ஏழாம் வருஷம், எங்கள் ஊருக்குப் பக்கத்தில் பந்தல் போட்டு மூன்று நாள் எழுப்புதல் கூட்டம் நடந்தது. நான் ஒரு ஓரமாக உட்கார்ந்து, முக்காடு போட்டுக்கொண்டு, வாய்க்குள்ளேயே ஜெபித்து அழுதுகொண்டிருந்தேன். அதை யாரோ பார்த்து மேடைக்குச் சொல்லிவிட்டார்கள். இரண்டு பெண்கள் வந்து கையைப் பிடித்து முன்னே கொண்டுபோனார்கள். வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் மைக்கில், "இந்தச் சகோதரிக்குள்ள மலட்டு ஆவி குடியிருக்கு" என்று சொன்னார். மூன்று ஆண்கள் என் தலையைப் பிடித்து ஆட்டினார்கள். "போ, வெளிய போ" என்று காதுக்குள் கத்தினார்கள். நழுவிய சேலைத் தலைப்பை எடுத்துப் போடக்கூட என் கையை விடவில்லை. ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் சாமுவேல், அதில் பாதிப் பேர் எங்கள் தெருக்காரர்கள். "போயிட்டுதா?" என்று பிரசங்கியார் கேட்டார். விட்டால் போதும் என்று, "போயிட்டுது" என்றேன். "ஆமென் சொல்லு" என்றார். சொன்னேன். அதுதான் நான் செய்த தப்பு. அவர்கள் என்னைப் பிடித்து ஆட்டியது அவர்கள் தப்பு, ஆனால் என் வாயால் ஒத்துக்கொண்டது என் தப்பு.

அடுத்த மாதமே குவைத்தில் அந்தக் காண்ட்ராக்டர் கடையைக் கட்டிவிட்டார். உன் அப்பா கலாஸ், எல்லாம் முடிந்தது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தார். புது விசா கிடைக்கும்வரை எட்டு மாதம் வீட்டில் இருந்தார். மூன்றாம் மாதம் எனக்கு வாந்தி. நீ எப்படி வந்தாய் என்று இருபத்தாறு வருஷமாக மேடையில் சொன்னேனே, அதன் உண்மைக் கதை இவ்வளவுதான்: உன் அப்பா வேலையில்லாமல் வீட்டோடு இருந்ததன் பலன் நீ. இதில் ஆண்டவருக்குப் பங்கில்லை என்று நான் சொல்லவே மாட்டேன். கடையைக் கட்ட வைத்தவர் அவராகத்தான் இருக்கும். ஆனால் பேய்க்கு இதில் ஒரு வேலையும் இல்லை.

முதல் தடவை சபைக்கு முன் எழுந்து, ஆண்டவர் செய்த அற்புதம் என்று சாட்சி சொன்னபோது இரண்டே வாக்கியம்தான் சொன்னேன். அப்புறம் ஊர்ப் பாஸ்டரம்மா, "இப்படிச் சப்புன்னு சொன்னா யாருக்கு விசுவாசம் வரும்?" என்று உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுத்தார். ஆவி அலறியதைச் சேர்த்தோம். நீ ஐந்தாம் வகுப்புக்கு வருவதற்குள் கறுப்புப் புகையும் சேர்ந்துவிட்டது. நீ வெள்ளைச் சட்டை போட்டு என் பக்கத்தில் நிற்பாய். "இதோ, அந்தப் பிள்ளை" என்று உன் தலையில் கை வைத்து முடிப்பேன், ஜனங்கள் கைதட்டுவார்கள். உனக்கு ஏழு வயதில் ஒருநாள் கேட்டாய்: "அம்மா, அந்தப் பேய் இப்ப எங்க இருக்கு? எங்கிட்ட வருமா?" கக்கூஸுக்குத் தனியாகப் போக மாட்டேன் என்று பல நாள் அழுதாய். நான் உன்னை அடித்தேன். பதில் தெரியாததால் அடித்தேன். நான் மன்னிப்புக் கேட்க வேண்டிய ஆள் ஒருவர் உண்டென்றால் அது நீ. இப்போது கேட்கிறேன், எய்யா. என்னை மன்னித்துவிடு.

உன் அப்பா ஒரே ஒரு தடவை, லீவில் வந்தபோது, கடைசி வரிசையில் உட்கார்ந்து அந்தச் சாட்சியைக் கேட்டார். திரும்பி நடந்து வரும்போது, "நான் ஊர்ல இல்லாததப் பத்தி யாரும் ஒரு வார்த்த சொல்ல மாட்டேங்காங்களே. பழி பூரா ஒம் மேலேயே போவுதே" என்றார். நான், "சும்மா இரிங்க, வெக்கங்கெட்ட பேச்சு" என்று அதட்டினேன். அப்புறம் அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை, சாகும்வரை. எனக்காகப் பேச வந்த ஒரே மனிதரை நானே வாயடைத்தேன். அந்த வருத்தம் எனக்கு இன்றும் தீரவில்லை.

அப்பா போன பிறகு நான் துபாய்க்கு வந்ததும், லண்டனிலிருந்து வந்த ஒரு யூதக் குடும்பத்தில் சமையல் வேலைக்குச் சேர்ந்ததும் உனக்குத் தெரியும். அந்த வீட்டுக்குள் என்ன நடந்தது என்பது தெரியாது. தலியா மேடம் பல்கலைக்கழகத்தில் எபிரெய வேதம் நடத்துகிறார், நாம் பழைய ஏற்பாடு என்கிறோமே அதை. எந்த வசனம் எந்தக் காலத்தில் எழுதப்பட்டது, யார் எழுதியிருப்பார்கள், எது பின்னால் சேர்ந்தது என்று ஆராய்வது அவர் வேலை. அவர் கணவர் டேவிட் சார், தங்கள் பழைய ரபீமார் அந்த வசனங்களுக்குச் சொன்ன விளக்கங்களைக் கரைத்துக் குடித்தவர், அதன்படியே நடப்பவர். அடுக்களையில் பால் பாத்திரம் தனி, இறைச்சிப் பாத்திரம் தனி. காலையில் அடுப்பை அவர்களில் ஒருவர் வந்து பற்றவைத்துவிட்டுப் போவார். நான் பற்றவைத்தால் ஆகாது, நான் கிண்டினால் ஆகும். முதல் வாரம் முழுக்க எனக்குச் சிரிப்பாணியாக வந்தது.

இரண்டாம் நாள் காலை, சார் ஜன்னல் பக்கம் பார்த்து நின்றுகொண்டிருந்தார். "டீ வேணுமா சார்?" என்று கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன், இல்லை. மூன்றாம் தடவை முன்னால் போய் நின்று கேட்டேன். உதடு மட்டும் அசைகிறது, சத்தம் இல்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. என்னவோ கோபத்தில் என்னைத் திட்டுகிறார் என்று நினைத்து அடுக்களைக்கு வந்து அழுதேன். மேடம் வந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அவர் ஜெபம் பண்ணுகிறார், நடுவில் பேசக் கூடாது என்றார். நம் ஐக்கியத்தில் நாலு ஸ்பீக்கர் வைத்துக் கேட்கிற ஜெபத்துக்குப் பழகின எனக்கு இது ஜெபமாகவே தெரியவில்லை. "இப்படி உதடு அசைய, சத்தம் வராமல் ஜெபிப்பதை நாங்கள் யாரிடமிருந்து கற்றோம் தெரியுமா? ஒரு பெண்ணிடமிருந்து. அன்னாளிடமிருந்து" என்றார் மேடம். இங்கிலீஷில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

அன்னாள்! யாருடைய பிள்ளையின் பெயரை நான் உனக்கு வைத்தேனோ, அந்த அன்னாள். பிள்ளையில்லாமல் ஆலயத்தில் போய் வாய்க்குள்ளே ஜெபித்தவள். ஆசாரியன் ஏலி அவளைப் பார்த்துக் குடித்திருக்கிறாள் என்று நினைத்தான். பொறுமையாக இருந்தாள், பிள்ளை கிடைத்தது, பிள்ளையை ஆலயத்துக்கே கொடுத்தாள். நமக்கெல்லாம் இப்படித்தான் பிரசங்கம் பண்ணியிருக்கிறார்கள், பொறுமை, பொறுமை என்று. சார் அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது நானே அந்தப் பேச்சை எடுத்தேன். அவர் சொன்னதைக் கேட்டு, கையில் சூப் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். அன்னாள் ஏலியிடம் 'இல்லை' என்று மறுத்துப் பேசினாள் அல்லவா, அந்த மறுப்புக்குள் அவர்களுடைய ரபீமார் இன்னும் காரமான பேச்சைக் கேட்கிறார்களாம்: இந்த விஷயத்தில் நீர் எனக்கு எஜமான் இல்லை, பரிசுத்த ஆவி உம்மேல் இருந்திருந்தால் என்னைத் தப்பாக நினைத்திருப்பீரா என்று அவள் கேட்டதாக விளக்கம். ஆசாரியனைப் பார்த்து, ஆலயத்துக்குள்ளேயே! அதிலிருந்து அவர்கள் இரண்டு கடமையை எடுத்திருக்கிறார்கள். இல்லாத குற்றத்தை ஒருவர்மேல் சுமத்தினால், சுமந்தவர் சும்மா இருக்கக் கூடாது, அது என்னிடம் இல்லை என்று சொல்லியாக வேண்டும். சுமத்தியவர், சமாதானம் சொல்லி, அவரை ஆசீர்வதித்தும் ஆக வேண்டும். ஏலி அதைத்தான் செய்தான் என்றார். "சார், ஒன் மோர் டைம்" என்று மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

மேடம் விடவில்லை. அன்னாள் பாடுகிற பாட்டில் ராஜாவைப் பற்றி வருகிறது, அவள் காலத்தில் இஸ்ரவேலில் ராஜாவே கிடையாது, அதனால் வேறு யாரோ வேறு எதற்கோ பாடிய பாட்டை எடுத்து அவள் வாயில் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் தன் துறையில் பெரும்பாலானவர்கள் எண்ணம் என்றார். சார், அவள் தீர்க்கதரிசி, வரப்போகிற ராஜாவைப் பாடினாள் என்றார். இரண்டு பேரும் மேசையைத் தட்டித் தட்டிச் சண்டை போட்டார்கள். வீடு இரண்டாகப் போகிறது என்று நான் பயந்தேன். அடுத்த நிமிஷம் சார் உப்பைக் கேட்டார், மேடம் எடுத்துக் கொடுத்தார். வேதத்தைப் பற்றி இப்படியும் பேசலாமா என்று இருந்தது. நம் ஐக்கியத்தில் ஒரு கேள்வி கேட்டால் பின்மாற்றம், விசுவாசத்தை விட்டு விலகிவிட்டாள் என்பார்கள். இங்கே கேள்வி கேட்காவிட்டால்தான் பக்தி குறைவு போலிருக்கிறது.

"மேடம், அடுத்தவங்க வார்த்தைய ஒரு பொம்பளை வாயில வைக்கிறது நடக்கும். எனக்கு நடந்துருக்கு" என்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், பாதி கையாலும் பாதி வாயாலும், முழுக் கதையையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு மேடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்த ஏழு வருஷம் உன் கணவர் எங்கே இருந்தார்?" இருபத்தாறு வருஷத்தில் ஒருத்தரும் கேட்காத கேள்வி, சாமுவேல். எந்தப் பழைய கதையைப் படித்தாலும் யாரைப் பற்றிப் பேச்சே இல்லை என்று முதலில் பார்ப்பேன், அது என் தொழில் புத்தி என்றார் மேடம். நான் "குவைத்" என்றேன். சொன்னதும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, சிரித்துக்கொண்டே அழுகையும் வந்துவிட்டது. அப்போது சார் சொன்னார்: புருஷன் மனைவிக்குச் சாப்பாடும் துணியும் மட்டுமல்ல, கூட இருப்பதையும் குறைக்கக் கூடாது என்று மோசேயின் சட்டத்தில் ஒரு வசனம் உண்டு, அதற்கு ரபீமார் தொழில்வாரியாகக் கெடு வைத்திருக்கிறார்கள். கழுதை ஓட்டுகிறவன் வாரத்துக்கு ஒரு முறையாவது வீட்டுக்கு வர வேண்டும், ஒட்டகம் ஓட்டுகிறவன் மாதத்துக்கு ஒரு முறை, கப்பலில் போகிறவனுக்கே ஆறு மாதம்தான். இரண்டு வருஷம் என்று எந்தத் தொழிலுக்கும் இல்லையாம். வேலையில்லாமல் வீட்டில் இருப்பவனுக்கு என்ன விதி என்பதை மட்டும் உனக்கு எழுத மாட்டேன், போ. உன் அப்பாவை ஆண்டவர் அந்த எட்டு மாதம் நன்றாகவே உட்கார வைத்தார்.

இதெல்லாம் தெரிந்த பிறகும் நான் ஒரு வருஷம் சும்மாதான் இருந்தேன். பயம்தான். சாட்சியைச் சொல்வதை மட்டும் தொண்டை வலி என்று தட்டிக் கழித்துவந்தேன். இரண்டு மாதத்துக்கு முன், ஆராதனையில், பாஸ்டர் ஜாஸ்மினை முன்னே கூப்பிட்டார். கல்யாணமாகி நாலு வருஷமான பெண், இங்கே ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேலை. அவள் புருஷன் ஓமனில் சைட்டில் இருக்கிறான், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து இரண்டு நாள் இருப்பான். பாஸ்டர் மைக்கை என் கையில் கொடுத்து, "சிஸ்டர், உங்க சாட்சியச் சொல்லுங்க. கேட்டு இந்தச் சகோதரிக்கு விசுவாசம் வரட்டும், அப்புறம் கை வச்சு ஜெபிப்போம்" என்றார். ஜாஸ்மின் முந்தானையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கையைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

"எனக்குள்ள எந்த ஆவியும் இருந்ததில்ல. எம் புருசன் குவைத்துல இருந்தாரு, அதான் விசயம். அவரு வீட்டுக்கு வந்தாரு, புள்ள பொறந்துது. இருபத்தாறு வருசமா நான் பொய்ச்சாட்சி சொல்லிட்டேன். அத இன்னைக்குத் திரும்ப வாங்கிக்கிடுதேன். இந்தப் புள்ள தலையில யாரும் கை வைக்காதீங்க. இவ வீட்டுக்காரனுக்கு லீவு வாங்கிக் குடுங்க." இதுதான் நான் பேசியது, ஒரு எழுத்து கூட்டவில்லை குறைக்கவில்லை. குரூப்பில் வேறு என்னென்னவோ சொல்கிறார்கள். அதற்குள் பாஸ்டர் கண் காட்ட, கீபோர்டுக்காரத் தம்பி துதிப்பாட்டை ஆரம்பித்துவிட்டான். பாட்டுச் சத்தத்தில் ஜாஸ்மின் மெதுவாக நடந்து தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அன்று அவள்மேல் ஒரு கையும் படவில்லை.

அந்த வாரமே பாஸ்டர் சபை மூப்பர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு என் ரூமுக்கு வந்தார். "சம்பந்தியம்மா, நான் உங்களக் குத்தம் சொல்ல வரல. நம்ம ஆண்டவரச் சிலுவையில அறைஞ்சவங்க வீட்டுல ஒரு வருஷத்துக்கு மேல சாப்புடுறீங்க. அவங்க ஆவி உங்களப் பிடிச்சிருக்கு" என்றார். பார்த்தாயா, மறுபடியும் ஆவி! பிள்ளை இல்லாவிட்டாலும் ஆவி, வாயைத் திறந்தாலும் ஆவி. "பாஸ்டர், நம்ம ஆண்டவரு எந்த வீட்டுப் புள்ள? எட்டாம் நாளு அவருக்கு என்ன சடங்கு செஞ்சாங்க, எந்தக் கோயிலுக்குத் தூக்கிட்டுப் போனாங்க? யூத வீட்டுப் புள்ளையக் கும்பிட்டுக்கிட்டே அவுங்களப் பழிக்கீங்களே" என்றேன். "வாதாடுற ஆவி" என்றார் மூப்பரில் ஒருவர். வேலையை விட வேண்டும், மேடையில் மண்டியிட வேண்டும், கை வைத்து ஜெபித்த பிறகு பழைய சாட்சியே உண்மை என்று வாசிக்க வேண்டும். இல்லாவிட்டால் கல்யாணத்தில் பெற்றோராக மேடை ஏறி ஆசீர்வதிக்க முடியாது, பின்வரிசையில் உட்காரலாம். இதுதான் அவர் வைத்த நிபந்தனை.

அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. நான் துபாய்க்கு வந்த புதிதில் விசா கொடுத்த முதலாளி, என் முதல் கஃபீல், என் பாஸ்போர்ட்டைக் கொடுக்காமல் இழுத்தடித்தபோது, இவர்தான் நாலு நாள் அலைந்து வாங்கிக் கொடுத்தார். அந்த நன்றி எனக்குச் சாகும்வரை உண்டு. அவர் வீட்டுக் கல்யாணச் சமையல் முழுவதையும் செய் என்றால் செய்வேன், பாத்திரம் கழுவு என்றாலும் கழுவுவேன். பேயில்லாத என்னைப் பேய் பிடித்தவள் என்று என் வாயாலேயே சொல் என்றால் மாட்டேன். நான் மதம் மாறவும் இல்லை. என் இயேசு என்னோடுதான் இருக்கிறார். இன்று காலைகூட மெட்ரோவில் நின்றுகொண்டே, உதடு மட்டும் அசைய, அவரோடுதான் பேசிக்கொண்டு வந்தேன். அந்த மேடமும் சாரும் என்னை ஒரு வார்த்தை தங்கள் பக்கம் இழுத்ததில்லை. நான் மேடையில் பேசியது தெரிந்ததும் மேடம் பதறிவிட்டார், உன் மகன் கல்யாணம் என்னாவது என்று.

இந்தப் பக்கம் குரூப்புக்குப் போகாது. இது உனக்கு மட்டும். போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பாஸ்டர் மகள், உன் பிரிசில்லா, ஸ்கூல் வேலை முடிந்து மெட்ரோ வாசலில் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். டீக்கடையில் உட்கார்ந்தோம். தன் அப்பாவுக்காகப் பேச வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் சொன்னது வேறு: "ஆன்ட்டி, மேரேஜ் ஆனதும் சாம் கத்தாருக்குப் போயிருவார். என் ஜாப் இங்க. த்ரீ மன்த்ஸுக்கு ஒரு தடவை வரேன்னு சொல்றார். எனக்கு பேபி லேட் ஆச்சுன்னா... டாடி என்னையும் ஸ்டேஜ்ல நிக்க வைப்பாரா?" துபாயிலேயே பிறந்து வளர்ந்த பெண், வேலை பார்க்கிற பெண், தன் தகப்பனைப் பற்றி இதைக் கேட்கிறாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பதில் நீதான் சொல்ல வேண்டும். நான் ஞாயிற்றுக்கிழமை மண்டியிட்டு அந்த நாலு வரியை வாசித்தால், அவளுக்கு நான் சொல்லும் பதில், 'ஆமாம், நிற்க வைப்பார், நீயும் ஆமென் சொல்லிப் பழகிக்கொள்' என்பதுதான். அதை நான் என் மருமகளுக்குக் கல்யாணச் சீராகக் கொடுக்க மாட்டேன். நீயும் கொடுக்காதே. அவளைத் தோகாவுக்குக் கூட்டிக்கொண்டு போ, இல்லாவிட்டால் நீ இங்கே வேலை தேடி வா. தோகாவில் நஜ்மாவில் ரூம் சின்னது, ஃபேமிலி விசா கஷ்டம் என்று எனக்குக் கதை சொல்லாதே. ஒரு கட்டில் போடுகிற இடம் போதும். உன் அப்பாவும் நானும் நல்ல மனிதர்கள்தான், ஆனாலும் ஏழு வருஷத்தைக் குவைத்துக்கும் ஊருக்கும் நடுவே போட்டுத் தொலைத்தோம். தொலைத்த இரண்டு பேரில் ஒருத்தர்மேல்தான் பழி விழுந்தது. உன் வீட்டில் அப்படி ஒரு பழி வந்தால், எவன் மைக்கைப் பிடித்திருந்தாலும் சரி, நீ எழுந்து நின்று, "நான் கத்தார்ல இருந்தேன்" என்று சொல். உன் அப்பாவை நான் சொல்ல விடவில்லை. உன்னை யாரும் தடுக்க மாட்டார்கள்.

இனி வருவது எல்லோருக்கும். நான் கல்யாணத்துக்கு வருவேன். யாரும் கூப்பிடாவிட்டாலும் வருவேன். ஊதாப் பட்டுச் சேலைக்கு பிளவுஸ் தைக்கக் கொடுத்தாயிற்று. பின்வரிசையில் உட்கார மாட்டேன். மாப்பிள்ளை வீட்டுப் பக்கம், முதல் வரிசையில், முதல் நாற்காலி என்னுடையது. பாஸ்டர் வந்து எழுப்பினால் எழுந்திருக்க மாட்டேன். மூப்பர்கள் வந்து நின்றால் அவர்களுக்கும் தோத்திரம் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பேன். கீபோர்டுக்காரன் எத்தனை பாட்டு வாசித்தாலும் சரி. என்னை எழுப்ப ஒருவனுக்குத்தான் உரிமை உண்டு, அது நீ. கோட்டும் மாலையுமாக மேடையிலிருந்து இறங்கி வந்து, என் கண்ணைப் பார்த்து, "அம்மா, பின்னால போங்க" என்று சொல். சொல்ல முடிந்தால் சொல். முடியாவிட்டால், அவளையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து, "அம்மா, எங்கள ஆசீர்வதிக்க மேடைக்கு வாங்க" என்று கூப்பிடு. வருவேன்.

உன் அம்மா